நாற்பத்தொரு முறை வந்த சாதாரண ஆள்

மூணு நிமிஷம் என்றால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவளைத்தான் தெரியும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அலுவலகத்தின் பிழைப்பு கொஞ்சம் விசித்திரமானது. யாராவது புதிதாக ஓர் இணையதளம் செய்தால், அதை வெளியே விடுவதற்கு முன்னால் இவர்களிடம் கொண்டுவருவார்கள். இவர்கள் சாதாரண மனிதர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இதில் ஒரு பயணச்சீட்டு எடுங்கள், இதில் ஒரு ஜோடி செருப்பு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். திணறுகிறவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுப்பது அவள் வேலை. மூன்று நிமிடம் ஆகும்வரை உதவிக்கு வாய் திறக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். கண்ணெதிரே ஒரு ஆள் மூழ்கினாலும் கையில் ஸ்டாப்வாட்சோடு வேடிக்கை பார்ப்பாள் என்று வரவேற்பறையில் சொல்லிச் சிரிப்பார்கள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

இன்னொரு விதியும் உண்டு. அது சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஒரு நபரை மூன்று தடவைக்கு மேல் அழைக்கக் கூடாது. அடிக்கடி வந்தால் ஆள் தேறிவிடுவார், தேறிவிட்டால் அவர் சாதாரண ஆள் இல்லை, அவர் திணறுவதற்கு மதிப்பு இல்லை. இந்த விதியைத்தான் அவள் முப்பத்தெட்டு தடவை மீறினாள். ஒரே ஒரு ஆளுக்காக.

அந்த ஆள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வரவேண்டியவர் வராமல் கழுத்தறுத்துவிட்டார். சோதனையைப் பார்க்க வந்த இணையதளக்காரர்கள் ஆறு பேர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டீயைக் குடித்து முடித்துவிட்டு வெறும் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு வரப் பெயர் கொடுத்தவர்களின் பதிவேட்டில் பக்கத்துப் பேட்டை முகவரியாகப் பார்த்து அவள் போன் அடித்தாள். இருபதே நிமிடத்தில் ஒருவர் மனைவியோடு வந்து நின்றார். பனியன் தெரியும் மெல்லிய வெள்ளைச் சட்டை, காதில் செருகிய பேனா. ஓய்வுபெற்று நாலு வருஷமாகியும் இடது கைவிரல்கள் இன்னும் லேசாக மடங்கியே இருந்தன, நடுவில் நோட்டுகள் இருப்பதுபோல.

வழக்கமாக உள்ளே வருகிறவர்கள் எனக்கு ஒன்றும் தெரியாதே என்று பம்முவார்கள். சோதனை உங்களுக்கில்லை, இந்தப் பக்கத்துக்குத்தான் என்று அவளும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வாள். இவர் நாற்காலியைச் சரிசெய்து உட்கார்ந்துகொண்டு, மொத்தம் எத்தனை பக்கம், எதில் ஏறி எதில் இறங்க வேண்டும் என்று கேட்டார். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷம் வாய்விட்டுச் சொல்லியே பிழைத்தவர். மைக்கின் சத்தத்தை இரண்டு முறை குறைக்க வேண்டியிருந்தது.

பக்கம் திறந்ததும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். படத்தைப் பார்ப்பார்கள், பெரிய எழுத்தைப் பார்ப்பார்கள். கண்டக்டர் திரையிலிருந்த அம்புக்குறியைச் சரசரவென்று அடிமட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறினார். ஒவ்வொரு வரியிலும் ஒரு நொடி நின்றார். தலை எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஏன் சார் கீழேயிருந்து போறீங்க என்று சோதனை முடிந்தபின் கேட்டாள்.

"டிக்கெட் எடுக்காதவன் கடைசி சீட்லதானம்மா உக்காருவான். முன்னாடியிருந்து ஆரம்பிச்சா, நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவன் ஸ்டாப் வந்துடும். இங்கயும் பாரு, மூலைல ஒருத்தன் பதுங்கிட்டு இருக்கான்."

பார்த்தாள். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம். அதில் யாரும் கேட்காமலேயே 'சம்மதம்' என்று ஏற்கெனவே குறி போட்டிருந்தது. எதற்குச் சம்மதம் என்று படித்தால், வாரத்துக்கு ஒரு விளம்பரக் கடிதம், வாழ்நாள் முழுக்க. அதுவரை வந்த முப்பது பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அதை எடுத்துவிடுகிறோம் என்று உடனே சொன்னதாகக் கேள்வி. அசடு வழியச் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஒரே ஒரு குறை. அன்றைக்குக் கொடுத்த வேலை, ஒரு நபருக்குப் பயணச்சீட்டு எடுப்பது. கண்டக்டர் இரண்டு இருக்கை போட்டார். தாளில் ஒன்று என்று இருக்கிறதே என்று அவள் காட்டியதும் அவர் வெளி அறை பெஞ்சின் பக்கம் கையைக் காட்டி, அப்போ அவ எங்க உக்காருவா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கடைசிப் பொத்தானை அமுக்கும்போது "ரைட்" என்றார்.

அப்புறம் வராதவர்களுக்குப் பதிலாகவெல்லாம் கண்டக்டர்தான். மூன்றாம் முறை முடிந்ததும் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லக் காரணம் இருந்தது. அவர் தேறவே இல்லை. ஒவ்வொரு பக்கமும் அவருக்குப் புது வண்டி, புதுப் பயணிகள். நேற்று பார்த்ததை இன்று காட்டினாலும் கடைசி சீட்டிலிருந்து ஆரம்பித்து, அதே இடத்தில் திணறி, அதே நேர்மையோடு வைவார். பக்கம் திறக்க நேரமானால் "உள்ள போங்க, உள்ள போங்க, வழில நிக்காதீங்க" என்பார். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. அவர் வருகிற நாளில் அந்த ஜன்னலில்லாத அறையில் ஏதோ ஜன்னல் திறந்தாற்போல் இருக்கும்.

விதியை ஏமாற்றுவது சுலபம். ஒவ்வொரு முறையும் புது எண், புதுத் தொழில். பதிவேட்டில் கண்டக்டர் ஒரு தடவை தச்சராக இருந்தார், ஒரு தடவை ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு தடவை மீன் வியாபாரி. அவசரத்தில் ஒருமுறை இல்லத்தரசி என்றுகூட எழுதித் தொலைத்தாள்.

மனைவியும் கூடவே வருவார். உள்ளே வரமாட்டார். பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, வரவேற்பறைப் பெண்ணின் மாமியார் சண்டைக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் ஏன் அம்மா அலைகிறீர்கள், இரண்டே ஸ்டாப்தானே, அவர் தனியாக வரமாட்டாரா என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"இவருக்கு வண்டில ஏறத் தெரியும், இறங்கத் தெரியாதும்மா. கண்டக்டரா இருந்தவராச்சே, எல்லாரும் இறங்கினப்புறம்தான் இறங்குவார். நான் சட்டையப் பிடிச்சு இழுக்கலேன்னா கடைசி ஸ்டாப்புக்குப் போய்த்தான் நிப்பார்."

கண்டக்டர் மறுக்கவில்லை. பெருமையாகத் தலையாட்டினார்.

வந்துபோகிறவர்களுக்கு அலுவலகம் ஒரு மடக்குக் குடை கொடுக்கும், பச்சை நிறத்தில். நாற்பது குடையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? தெருவுக்கே கொடுத்துவிட்டார்கள். மழை பெய்தால் அவர்கள் தெரு முழுக்கப் பச்சைக் குடையாக நடக்கும். உங்கள் அலுவலகத்துக்கு எங்கள் தெருவில்தான் ஆட்கள் ஜாஸ்தி என்று மனைவி சொல்லிச் சிரித்ததும், யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று அவள் அவசரமாகப் பேச்சை மாற்றியதும் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நாற்பத்தோராவது தடவை கண்டக்டர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். தனியாக வந்தார். கடைசி ஸ்டாப்புக்குப் போய்த் திரும்பி வருகிறேன் என்றார். காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கும் பயணச்சீட்டுதான். ஒரு நபருக்கு. கீழேயிருந்து ஆரம்பித்தார், தலை எண்ணிக்கொண்டே ஏறினார், இருக்கைகள் என்ற வரிக்கு வந்தார். பழக்கத்தில் இரண்டு போட்டார். பிறகு அதை ஒன்றாக மாற்றினார். அம்புக்குறி அங்கேயே நின்றது. ஸ்டாப்வாட்ச் மூன்று நிமிடத்தைத் தாண்டியது. அவள் வாய் திறந்திருக்கலாம், விதிப்படியே திறந்திருக்கலாம். திறக்க வரவில்லை.

"ஒரு ஆள் குறையுதும்மா" என்றார் கண்டக்டர்.

பிறகு பொத்தானை அமுக்கினார். ரைட் சொல்லவில்லை. அவள் நோட்டில் எழுதினாள்: நான்கு நிமிடம் பத்து விநாடி தயக்கம். பக்கத்தில் குறை ஏதும் இல்லை. எழுதி முடித்ததும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதம் கழித்து அவள் போன் செய்தபோது மருமகள் எடுத்தாள். மாமா தவறிப் போய்ப் பதினைந்து நாளாகிறது என்றாள்.

அலுவலகத்துக்கு இயந்திரம் வந்தது அதற்கடுத்த வருஷம். பெட்டி, சக்கரம் என்று எதுவும் கிடையாது, ஒரு நிரல். இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் தானே உள்ளே நுழைந்து, மனிதன் மாதிரியே நகர்ந்து, அமுக்கி, திணறி, மதிப்பெண்ணும் போட்டுவிடும். நாலு ஆளைக் கூப்பிட்டு ஒரு வாரம் செய்கிற வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். எழுத்து பொடியா, நிறம் மங்கலா, பொத்தான் எட்டாத இடத்திலா என்று எல்லாம் சொல்லும். யாரும் அதை எதிர்த்துப் பேசக் கூடாது, கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்பதால் அலுவலகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு மாப்பிள்ளையின் மேல் கோபமில்லை. சொல்லப்போனால் நிம்மதி. வராதவர்களுக்காகப் போனும் கையுமாக இனி அல்லாட வேண்டாமே.

மனிதன் மாதிரி நடக்க மாப்பிள்ளைக்கு எங்கிருந்து தெரிந்தது? ஒவ்வொரு சோதனையையும் திரையும் ஆளுமாகப் படம்பிடித்து வைத்திருந்த பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டிப் பழக்கினார் பொறியாளர். வழுக்கை விழுந்த, அதிர்ந்து பேசாத மனிதர். மொத்தம் நூற்றறுபது பதிவுகள், நூற்றறுபது பேர் என்று அவர் நம்பினார். அவளும் அன்றைக்கு ஒன்றும் யோசிக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

முதல் தடவை மாப்பிள்ளை வேலை செய்வதைப் பெரிய திரையில் போட்டபோது எல்லோரும் கூடி நின்றார்கள். ஒரு பயணத் தளத்துக்குள் மாப்பிள்ளை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அம்புக்குறி சரசரவென்று பக்கத்தின் அடிக்கு இறங்கிற்று. அங்கிருந்து ஒவ்வொரு வரியாக, ஒரு நொடி நின்று நின்று மேலே ஏறிற்று. இருக்கைகள் என்ற இடத்தில் இரண்டு போட்டது.

கண்டக்டர் சார் என்று கூப்பிட்டுவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதன்பின் தினமும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு பெரிய திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். நாலு தடவைக்கு ஒரு தடவை கண்டக்டர் வருவார். எறும்பு எழுத்துக் கட்டங்களைப் பிடிப்பார், இரண்டு இருக்கை போடுவார். இறந்துபோனவரை எதிரே உட்காரவைத்துச் சாப்பிட்டாள் என்று சொன்னால் மிகையில்லை. தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது புரியும்.

ஆறு மாதம் இப்படிச் சுகமாகப் போயிற்று. பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. மனிதரில் நாலில் ஒருவர் அடியிலிருந்துதான் பார்க்கிறார் என்று மாப்பிள்ளை அறிக்கை கொடுக்க, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இணையதளக்காரர்கள் முக்கியமான பொத்தான்களையெல்லாம் அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒரு மருத்துவமனை, அவசர எண்ணைக்கூடப் பக்கத்தின் அடிக்கு இறக்கிவிட்டிருந்தது. கைக்குழந்தைக்கு ஜுரம் கொதிக்க, அந்த எண்ணைத் தேடிக் கண்ணீர் விட்டதாக ஒரு தாய் எழுதியிருந்தாள். பொறியாளர் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

அவளுக்குத் தெரியும். நூற்றறுபதில் நாற்பத்தொன்று. சொன்னால் வேலைக்கு ஆபத்து, அது ஒரு பக்கம். ஐம்பது வயதில் இன்னொரு நாற்காலி தேடுவது லேசில்லைதான். ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அதுவல்ல. சொன்னால் கண்டக்டரை அழித்துவிடுவார்கள். இந்த உலகத்தில் அவர் இன்னும் நடமாடிக்கொண்டிருந்த இடம் அந்தத் திரை ஒன்றுதான். அதையும் அவள் வாயாலேயே இல்லாமல் செய்ய வேண்டும்.

நாலு நாள் மென்று விழுங்கினாள். ஐந்தாம் நாள், அந்தத் தாயின் கடிதத்தை மறுபடி படித்தாள். மூன்று நிமிடம் தாண்டியும் ஒருத்தி திணறிக்கொண்டிருக்கிறாள், நான் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேரே பொறியாளரின் மேசைக்குப் போனாள்.

"இந்தத் தச்சர், இந்த ஆசிரியர், இந்த மீன் வியாபாரி எல்லாம் ஒரே ஆள் சார். நான்தான் மாத்தி மாத்தி எழுதினேன்."

பொறியாளர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "இந்த இல்லத்தரசியுமா?"

"ஆமா சார்."

மேலாளர் சும்மா விடவில்லை. எழுத்தில் விளக்கம் வாங்கினார், அந்த வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார், குறிப்பெடுக்கும் வேலையிலிருந்து எடுத்துப் பதிவறையில் போட்டார். வேலையை விட்டே எடுக்காததற்குக் காரணம், அவளாகவே வந்து சொன்னதுதான். பொறியாளர்தான் அன்று சாயங்காலம் பதிவறை வாசலில் வந்து நின்றார். ஒரு ஆள் என்றால் ஒரு பதிவுதான் இருக்கலாம், நாற்பது போக ஒன்று மிஞ்சும், எது என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றார். வேலைத் தாளில் உள்ளபடி சரியாகச் செய்தது கடைசிப் பதிவு மட்டும்தான், அதையே வைக்கலாம் என்று தன் யோசனையையும் சொன்னார்.

உண்மைதான். மற்ற நாற்பதிலும் கண்டக்டர் இருக்கையோ செருப்போ எதுவானாலும் இரண்டு போட்டிருந்தார். எல்லாம் தவறு. ஒன்றே ஒன்றில்தான் ஒன்று.

மூன்று நாள் அவள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். முடி நரைத்துக்கொண்டே வந்தது, கண்ணாடி தடித்துக்கொண்டே வந்தது, குரல் மட்டும் குறையவில்லை. பதினேழாவது பதிவில் வெளியே மழைச் சத்தம் கேட்டது. பாதியில் கதவு திறந்தது. எந்நாளும் உள்ளே எட்டிப் பார்க்காத மனைவி அன்று தலையை நீட்டி, "என்னங்க, முடிஞ்சுதா? மழை வலுக்குது" என்றார். கண்டக்டர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "இரு, உனக்கும் சேத்துதான் எடுக்கறேன்" என்றார். பின்னால் நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். அது தன் சிரிப்பு என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. இப்படி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறோமா என்று ஏக்கமாக இருந்தது. அந்த இடத்தை மட்டும் நாலு தடவை போட்டுக் கேட்டாள்.

பதினேழை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். பொறியாளர் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"இதுல தப்பா ரெண்டு சீட் எடுத்திருக்காரே, மேடம்."

"சாதாரண ஆளுங்க அப்படித்தான் சார் எடுப்பாங்க."

அவர் அதையே மாப்பிள்ளைக்குள் ஏற்றினார்.

மாப்பிள்ளை திருந்திவிட்டது. மருத்துவமனையின் அவசர எண் மேலே ஏறிவிட்டது. கடிதங்கள் நின்றன. பெரிய திரையில் அம்புக்குறி எல்லோரையும் போல மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. இப்போது நூற்றிருபது பேரில் கண்டக்டர் ஒருவர், அவ்வளவுதான். பதிவறையிலிருந்து வந்து டிபன் டப்பாவைத் திறந்து மூடிய எத்தனையோ மதியங்கள் அவர் வராமலே போயின.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் வந்தார். அம்புக்குறி சட்டென்று அடிக்கு இறங்கியது. மூலையிலிருந்த கட்டத்தைப் பிடித்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு நொடி நின்று, எண்ணிக்கொண்டே ஏறி, இருக்கைகள் என்ற இடத்துக்கு வந்து இரண்டு போட்டது. பிறகு கடைசிப் பொத்தானின் மேல் போய் நின்றது, காத்திருப்பதுபோல.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டாள்.

"ரைட்" என்றாள்.